பிரிண்டருக்குள் ஒரு மஞ்சள் மூலை

போன வாரம் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு துண்டுத் தாள் விழுந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் பழுப்பேறி, கருகிய அப்பளத்தின் ஓரம்போல் மொரமொரப்பாக இருந்தது. மறுபக்கத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை காலத்துக்குப் பிறகு வாசனை இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். பொறியியல் படித்தவள், இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் சூடான தாளும் தீய்ந்த மஞ்சளும் கலந்த அந்த வாசனை வந்தது. கூடவே அக்கா மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அந்த நாளும் வந்துவிட்டது. பிரிண்டர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அது அப்பா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். எதற்கு வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. “வீட்டுல ஒண்ணு கிடக்கட்டும்” என்றார். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்குப் பக்கத்து மேசையில், அம்மா பின்னிய நூல் விரிப்பைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதன் தலையில் சந்தனமும் குங்குமமும் ஏறும். தாள் போகும் வாய்ப்பக்கம் மட்டும் வைத்துவிடாதே என்று நான் அம்மாவிடம் வருடந்தோறும் கெஞ்சுவேன். அவளும் வாய்ப்பக்கத்தை விட்டுவிட்டு ஸ்விட்ச் மேலேயே பெரிதாக ஒரு பொட்டு வைப்பாள். பிரிண்டரும் ஒன்றும் சொல்லாமல் வேலை செய்யும். அதனால்தான் அம்மாவுக்கு அந்த இயந்திரத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்ததோ என்னவோ.

என் வேலையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இயந்திரங்களோடு வரும் உதவிப் பக்கங்களை எழுதுவதுதான் என் வேலை. எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும், சிவப்பு விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், இந்த மாதிரி. ‘தாள் சிக்கினால் என்ன செய்வது’ என்ற பக்கத்தையும் நானே எழுதியிருக்கிறேன். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், சூடு ஆறும்வரை பொறுங்கள், தாள் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே இரண்டு கைகளாலும் பைய இழுங்கள், கிழிந்துவிட்டால் எல்லாத் துண்டுகளையும் எடுத்துப் பொருத்திப் பாருங்கள், ஒரு துண்டு குறைந்தாலும் மறுபடி இயக்காதீர்கள். இதற்கெல்லாம் மேலே, தலைப்புக்கு அடுத்து, ‘பதற்றப்பட வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதும்போது என் மேசைமேல் காபி இருந்தது, ஃபேன் ஓடியது, யாரும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

ஊரடங்கு வந்த வருடம். அக்கா நர்ஸ். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, விசாவும் வந்து, புறப்படுகிற நேரத்தில் விமானங்கள் நின்றுபோயின. பிறகு ஒரு தேதி கொடுத்தார்கள், அதுவும் ரத்தானது. மூன்றாவதாகத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு விமானம் கிடைத்தபோது, விசாவில் எழுதியிருந்த நுழைவுத் தேதி முடிகிற தறுவாயில் இருந்தது. இதை விட்டால் விசா போயிற்று, வேலையும் போயிற்று. விமானத்தில் ஏற வேண்டுமென்றால் கொரோனா இல்லை என்ற பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். அதையும் புறப்படுவதற்குச் சற்று முன்னால்தான் எடுக்க வேண்டும், பழைய முடிவு செல்லாது. அக்காவுக்கு முன்னால் போன காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தி போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “போன்ல காட்டிக்கலாம்னு மட்டும் நெனச்சிராத. எங்க போனாலும் தாளாத்தான் கேக்காங்க.”

ஊரடங்கில் மூடிய ஜெராக்ஸ் கடைகள் எங்கள் பக்கம் இன்னும் திறக்கவில்லை. ஆக அந்தத் தாள் எங்கள் பிரிண்டரிலிருந்துதான் வர வேண்டும்.

எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, பட்டியல் வரும். அந்த வாரம் முழுக்க மனதுக்குள் பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. டோனர் இருக்கிறது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. நெட் போனால் அப்பா போன் இருக்கிறது. ஐப்பசி மழையில் தாள் ஈரம் குடிக்குமே என்று புதுத் தாள்கட்டை உறையிலிருந்து பிரித்ததுமே தட்டில் அடுக்கி மூடி வைத்தேன். வெள்ளோட்டமாக ஒரு பக்கம் அச்சடித்தும் பார்த்தேன். கச்சிதமாக வந்தது. பட்டியலில் சேராத ஒன்று மட்டும் வீட்டில் இருந்தது: அம்மாவின் இருமல். அவள் அதைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டு இருமிவிட்டு வருவாள். எங்களுக்குக் கேட்காதென்று நினைப்பு. அக்காவுக்கு முடிவு என்ன வருமோ என்று நாங்கள் நால்வருமே பயந்தோம், நால்வருமே அதைப் பேசவில்லை.

புறப்படுகிற நாள் மதியம் கழிந்தும் முடிவு வரவில்லை. பேட்டையிலிருந்து கார் வந்து வாசலில் நின்றுவிட்டது. ஓட்டுகிற அண்ணாச்சி முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

“சார், களியக்காவிளை செக்போஸ்ட்ல வரிசை நாங்குநேரி வரைக்கும் நிக்குதாம். பைய பைய கிளம்புனா பைய பையத்தான் போய்ச் சேருவோம், ஆமா.”

“ரிசல்ட் வரணும்லா அண்ணாச்சி” என்றார் அப்பா.

“நாப்பது வருசம் பரிச்ச வச்ச வாத்தியாரு, ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்கீங்க பாத்தீங்களா!”

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து அக்காவின் குரல். “ஏட்டி, வந்துட்டு! மெயில் வந்துட்டு!”

“என்ன போட்டிருக்கு? மொதல்ல அதச் சொல்லு” என்றாள் அம்மா.

“நெகட்டிவ்மா.”

“அப்ப போகலாம்லா?”

“போகலாம்.”

அம்மா பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நான் அச்சுக்குக் கொடுத்தேன். பிரிண்டர் விழித்து, வழக்கம்போல் தொண்டையைச் செருமி, தாளை இழுத்தது. இழுக்கும்போதே சத்தம் சரியில்லை. ஒற்றைத் தாள் போகும் சத்தம் எனக்குத் தெரியும், சர்ரென்று இருக்கும். இது நறநறவென்று எதையோ மென்றது. பிறகு நின்றது. சிவப்பு விளக்கு. அதோடு ஒரு வாசனை. தாளிக்கும்போது மஞ்சள் தூள் எண்ணெயில் கருகினால் வருமே, அதே வாசனை.

“புகையுதாட்டி?” என்று அக்கா பதறினாள்.

பிளக்கைப் பிடுங்கினேன். சூடு ஆறட்டும் என்றேன். என் உதவிப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதவில்லை. வாசலில் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இயந்திரம் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பக்கத்தை எழுதியவளைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

அப்பா அலமாரியிலிருந்து பிரிண்டரின் கையேட்டை எடுத்து வந்தார். எதையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் வாசிக்கிற குரலில் தொடங்கினார். “இச்சாதனத்தை வாங்கியமைக்கு எங்கள் வாழ்த்துகள். பெட்டியில் பின்வரும் பொருட்கள் உள்ளனவா என்று சரிபார்க்கவும்...”

“எப்பா, வாழ்த்தெல்லாம் தாண்டி வாங்கப்பா!” என்று கத்தினாள் அக்கா.

முன்மூடியைத் திறந்து டோனர் பெட்டியை வெளியே எடுத்தேன். வெளிச்சம் படக் கூடாதென்று அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தினேன். உள்ளே ஒரு தாள் இல்லை, ஒரு கொத்தே போயிருந்தது. மேல்மூலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொழுக்கட்டை ஓரம்போல் மடிந்து கிடந்தன. பைய இழுத்தேன். கடைசித் தாள் கிழிந்தது. கையில் வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் வட்டமாக, விரல்ரேகை தெரிய, மஞ்சள்.

நிமிர்ந்து பார்த்தேன். அடுக்களை நிலைக்கருகில் அம்மா நின்றிருந்தாள்.

“நாந்தான் வச்சேன்” என்றாள். “நேத்து சாயங்காலம்.”

“தாளுக்கா?”

“பின்ன? கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கோம், ஜாதகத்துக்கு வைக்கோம், புதுச் சட்டைக்கு வைக்கோம். பிள்ள கடல் தாண்டிப் போற தாளுக்கு வைக்காண்டாமா?”

“வந்த பொறவு வச்சிருக்கலாம்லாம்மா!”

“வந்த பொறவு வச்சு என்னத்துக்கு? அதுல என்ன வரணும்னு முன்னாடியேல்லா சொல்லணும்.”

இன்று இதை எழுதும்போது, அதில் ஒரு தர்க்கம் இருப்பதாகத்தான் படுகிறது. முடிவு வந்தபின் வைக்கிற மஞ்சளால் முடிவை மாற்ற முடியாது. வெறுந்தாளாக இருக்கும்போதே வைத்துவிட்டால் அதில் கெட்டது ஏற இடமில்லை. தண்ணீர் விட்டுக் குழைத்த மஞ்சளை ஒவ்வொரு தாளின் மூலையிலும் தொட்டு, மறுபடி அடுக்கி, நான் வைத்த மாதிரியே தட்டை மூடியும் வைத்திருக்கிறாள். மழை ஈரத்தில் அது காயவே இல்லை. பசைபோல் ஒட்டிக்கொண்டது. என் உதவிப் பக்கத்தில் தாள் சிக்குவதற்கான காரணங்கள் வரிசையாக இருந்தன. ஈரம், தூசி, அளவுக்கு மீறி அடுக்குவது, மட்டமான தாள். ஒரு தாயின் வேண்டுதலை அந்த வரிசையில் சேர்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

அக்காவுக்கு அன்று இந்த நிதானமெல்லாம் இல்லை. பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டாள். “எம்மா, நீ நான் போகணும்னு வச்சியா, போகக் கூடாதுன்னு வச்சியா?”

அப்பா வாசிப்பதை நிறுத்தினார். அம்மா சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், விரலில் ஒன்றுமில்லாவிட்டாலும்.

வாசலிலிருந்து அண்ணாச்சிதான் பேசினார். “என்ன தாயி, பிள்ளத்தாச்சி மாதிரி முக்குதே, தாளு எறங்கலியா? நர்சம்மா வீட்டுலயே பிரசவத்துக்கு இவ்வளவு பாடா?”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தக் குரல் உதவியது.

கிழிந்த துண்டுகளைத் தரையில் பரப்பிப் பொருத்தினேன். சின்ன வயதில் நானும் அக்காவும் படத்துண்டுகளைச் சேர்த்து விளையாடுவோம். கடைசித் துண்டை எப்போதும் அவள்தான் உள்ளங்கையில் ஒளித்து வைத்திருப்பாள். இந்த முறையும் ஒரு துண்டு குறைந்தது. மேல் இடது மூலை. பின்மூடியைத் திறந்தேன். அப்பா கையேட்டைப் போட்டுவிட்டுப் போன் டார்ச்சைப் பிடித்தார். நடுநடுவே வாசல் காரை எட்டி எட்டிப் பார்த்ததால் வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. அக்காவின் புருவ இடுக்கியை விட்டுத் துழாவினேன். சூட்டு உருளைக்கு அந்தப் பக்கம் எதுவும் தட்டுப்படவில்லை. தாள் இழுக்கும் உருளையில் அப்பியிருந்த மஞ்சளை ஈரத்துணியால் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்தது. மூலை மட்டும் கிடைக்கவில்லை.

அப்போது வாசலில் எஞ்சின் சத்தம் நின்றது. டீசல் வீணாகிறதே என்று அண்ணாச்சி அணைத்திருப்பார். அந்த அமைதிதான் அன்றைக்கு என்னை மிகவும் பயமுறுத்தியது. கார் போய்விட்டது போலவே இருந்தது.

ஒரு துண்டு குறைந்தாலும் இயக்காதீர்கள். நானே எழுதியது. இயக்கினால் உருளை கீறிப்போகலாம், மொத்தமாகப் பழுதாகலாம், அதற்குப் பிறகு இந்த ஊரில் இன்று தாளே கிடையாது. இயக்காவிட்டாலும் தாள் கிடையாது. இதற்கெல்லாம் என்னிடம் பட்டியல் இல்லை.

“மஞ்ச வைக்காத தாள் இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“அடியில இருக்கும்” என்றாள் அம்மா. “பாதிக்கு மேல முடியல. இருமல் வந்துட்டு. கைய ஒதறி எல்லாத்துலயும் தெறிச்சிருமோன்னு விட்டுட்டேன்.”

அவள் அந்த இருமலைப் பற்றி வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் அக்காவுக்கு மிஞ்சிய சுத்தமான தாள்கள் அந்த இருமலால் மிஞ்சியவை. மஞ்சள் பட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தட்டின் அடியிலிருந்து கொஞ்சமாக எடுத்தேன். வெற்றிலைக் கட்டை விரலால் வருடிப் பிரிப்பதுபோல் விசிறி, காற்று புகவிட்டு, ஓரம் தட்டி, தட்டில் வைத்து, இரண்டு பக்கத் தடுப்புகளையும் தாளைத் தொடும் அளவுக்கு நெருக்கினேன். டோனர் பெட்டியைப் பொருத்தி, மூடிகளை அடைத்து, பிளக்கைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி கொடுத்தேன்.

சர்ரென்றது. ஒற்றைத் தாள்.

அது வெளியே வருகிற நேரத்தில் நாங்கள் நான்கு பேரும் மூச்சு விட்டோமா என்று தெரியவில்லை. முதலில் பரிசோதனை நிலையத்தின் பெயர், பிறகு அக்காவின் பெயர், பாஸ்போர்ட் எண், அந்த ஒற்றைச் சொல். இன்னொரு பிரதியும் எடுத்தேன். சூடாக இருந்தது. அக்கா வாங்கி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் நேராக அம்மாவிடம் போய் ஒரு தாளை நீட்டினாள்.

“வை.”

“வேண்டாம்ட்டி. கெட்டுரும்.”

“இது வந்துட்டும்மா. இனி ஒண்ணும் ஆகாது. வை.”

அம்மா மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்தாள். எழுத்து எதன்மேலும் படாமல், நான்கு மூலைகளிலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். அதற்குள் உள்ளே வந்திருந்த அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார். “நல்லாக் காயட்டும் தாயி. ஈரத்தோட நீட்டுனா அந்த ஆபீசரு கையில ஒட்டிக்கிடும், பொறவு அவனையும் மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போணும்.”

இந்தமுறை அம்மாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

விமானத்தில் ஏறும் முன் அக்கா குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். சரிபார்த்தவர் மூலையைச் சுரண்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டாராம். “எங்க அம்மா” என்று மட்டும் சொன்னாளாம். அவர் மஞ்சள் படாத இடமாகப் பார்த்து முத்திரை குத்தினாராம். அம்மா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அவள் இருமலும் பிறகு நல்லபடியாகவே தீர்ந்தது. அன்று கேட்ட கேள்வியை அக்கா மறுபடி கேட்கவில்லை, அம்மாவும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சில வருடங்கள் எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. எதை அச்சடித்தாலும் அம்மா அடுக்களையிலிருந்து “வந்துட்டா?” என்று கேட்பாள். வந்துவிட்டது என்றால்தான் விரலில் மஞ்சளோடு வருவாள். அப்பாவின் ஓய்வூதியத் தாள், அடுத்த வீட்டுப் பெண்ணின் தேர்வு நுழைவுச்சீட்டு, அக்கா விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அவளுடைய டிக்கெட். காணாமல்போன மூலை உள்ளேயே எங்கோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வழியை மறிக்காமல் இருந்திருக்கிறது. தாள் போகும் ஒவ்வொரு முறையும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். நறநறவென்று கேட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் எப்போது என்னைவிட்டுப் போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். பயம் போகவில்லை, அச்சடிப்பதுதான் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது.

போன மாதம் அக்கா வந்துவிட்டுத் திரும்பினாள். டிக்கெட், விசா, எல்லாம் போனில். காரும் போனிலேயே வந்தது. ஓட்டியவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, வந்துவிட்டேன் என்று போனில்தான் சொன்னார். சுங்கச்சாவடி எங்கே, எல்லை எங்கே என்று யாரும் யாரையும் பயமுறுத்தவில்லை. எல்லாம் சுலபமாக இருந்தது. அம்மா மட்டும் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

“எங்கன வைக்கட்டும்?”

அக்கா போனை நீட்டினாள். அம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விரலைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“கண்ணாடில்லா இது. ஈரம் பட்டு உள்ள இருக்கது போயிருச்சுன்னா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏட்டி, ஒரு வெள்ளத் தாளு எடுத்துட்டு வா. அதுல ஒண்ணும் வேண்டாம். சும்மா மடிச்சுப் பையில வச்சிட்டுப் போட்டும்.”

உள்ளே ஓடி, நூல் விரிப்பை விலக்கி, தட்டை இழுத்தேன். காலியாக இருந்தது. இரண்டு பக்கத் தடுப்புகளும் ஒரு தாளின் அகலத்துக்கு இடம் விட்டு அப்படியே நின்றிருந்தன. கடைசித் தாள் எப்போது போனது, அதில் என்ன அச்சடித்தோம், எதற்கும் பட்டியல் போடுகிற எனக்கு அது தெரியவில்லை.

அலமாரியெல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு வாசலுக்கு வந்தபோது, நேரமாகிவிட்டதென்று கிளம்பிய கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா விரலை மடக்காமல் நீட்டிப் பிடித்தபடியே நின்றாள். மஞ்சள் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.